நெயில் பாலிஷ் கோடு

மார்ச் 4, செவ்வாய்

மாதத்தின் முதல் செவ்வாய். வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுக்கும் நாள். இன்ஜினின் சுழற்சியைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் ஷாஃப்டின் மூன்று கிராஸ் மூட்டுகளுக்கும் கிரீஸ் அடித்தேன், பழைய கறுப்பு வழிந்து புதுசு எட்டிப் பார்க்கும் வரை. போல்ட்களை ஒரு சுற்றுப் பார்த்தேன். நடுவில் சென்டர் பேரிங்கைப் பிடித்திருக்கும் ரப்பரில் விரல் நுழைகிற வெடிப்பு. கையால் தள்ளினால் ஷாஃப்ட் தொங்கி ஆடுகிறது.

ஐம்பதைத் தாண்டினால் வண்டி முனகுகிறது என்று தங்கை ஒரு வாரமாகச் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. "உனக்குப் பிரமை" என்று வாயை அடைத்திருந்தேன். இன்று வெடிப்பைப் பார்த்த பிறகும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்று அவளுக்குத் தெரியும்.

மார்ச் 6, வியாழன்

தங்கையின் ஸ்கேன் முடிவு வந்துவிட்டது.

நான்கு வருடங்களுக்கு முன் மார்பில் எடுத்த புற்று இப்போது முதுகெலும்பில் இரண்டு இடத்தில் வந்திருக்கிறது. நாங்கள் முதுகுவலி என்று தைலம் தேய்த்துக்கொண்டிருந்தோம். தையல் மெஷினில் குனிந்தே உட்காருவதால் என்று நான்தான் திட்டினேன்.

டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் வைத்துக் காட்டினார். "பதினஞ்சு நாள் கரண்ட், அதான் ரேடியேஷன், வைக்கணும். சனி, ஞாயிறு தவிர தினமும் வரணும். நடுவுல விடக் கூடாது. வலி குறையும், கால் மரத்துப் போகாம நடமாடலாம். இப்ப நம்ம கையில இருக்கறது அதுதான்" என்றார்.

தங்கை அவரிடம், "பதினஞ்சு முடிச்சா ஜாக்கெட் தைக்க உட்காரலாமா?" என்று கேட்டாள். உட்காரலாம் என்று அவர் சொன்னதும் இவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

போக அறுபது கிலோமீட்டர், வர அறுபது. கல்குவாரி தாண்டி எங்கள் வீட்டுக்கு ஏறும் பாதையில் வாடகைக் கார் எவனும் வருவதில்லை. எங்கள் ஃபோர் வீல் வண்டிதான் கதி. அதுவும் இடுப்பொடிந்து நிற்கிறது.

மார்ச் 8, சனி

பேரிங் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனேன். லேத் பட்டறைக்காரரும் அங்கே நின்றிருந்தார். எதற்கெடுத்தாலும் "பொறுமையா பண்ணலாம்" என்பார், அதனால் எங்கள் வீட்டில் அவர் பெயர் பொறுமை. "கொண்டாந்து விடுங்கக்கா, அரை நாள் வேலை. அந்த ஷாஃப்டைப் பிரிச்சுக் கோக்கறதுல ஒரு சூட்சுமம் இருக்கு" என்றார்.

"எனக்குத் தெரியாத சூட்சுமமா?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

முப்பது வருடம் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் நான். ஒரு கருவியைப் பிரித்தால் பிரித்த வரிசையிலேயே கோப்பேன். என் வண்டியில் இன்னொருவர் கை வைக்க விட்டதில்லை. ஆறு வருடம் முன்பு இதே பொறுமை பிரேக்கைப் பார்த்து ஏதோ குறை சொல்லப் போய், அதோடு அவர் பட்டறைப் பக்கம் திரும்பியதில்லை.

மார்ச் 11, செவ்வாய்

இன்று பிரித்தேன். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்க இணைப்புத் தட்டின் நாலு போல்ட், நடுத் தாங்கியின் இரண்டு போல்ட். ஷாஃப்ட் முழுதாக நெஞ்சின் மேல் இறங்கியது. என்ன கனம்!

தங்கை சன்னல் பக்கம் கட்டிலை இழுத்துப் போட்டு வேடிக்கை பார்த்தாள். "அது என்னக்கா, நடுவுல?"

"ஷாஃப்ட் நீளம் ஜாஸ்தி. அதான் ரெண்டு துண்டு. துண்டும் துண்டும் சேர்ற இடத்தைத் தாங்கறது இந்த பேரிங். இடுப்பு மாதிரின்னு வச்சுக்கோ."

"என் இடுப்பு மாதிரியா? அப்ப மாத்த வேண்டியதுதான். எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வந்திருக்கலாம்ல."

சிரித்தேன். அப்புறம் அடியில் படுத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். அங்கே படுத்திருந்தால் யாருக்கும் முகம் தெரியாது, அது ஒரு வசதி.

பேரிங்கைக் கழற்ற வேண்டும் என்றால் அதன் பின்னால் இருக்கும் யோக்கை முதலில் உருவ வேண்டும். இரண்டு காது வைத்த கவை மாதிரியான இரும்பு அது. ஷாஃப்டில் சுற்றிலும் பல் வெட்டியிருக்கும், யோக் அந்தப் பல்லில் உட்காரும். கழற்றும்போது எந்தப் பல்லில் இருந்ததோ அதே பல்லில்தான் திரும்ப உட்கார வேண்டும். அதற்குத்தான் அடையாளம் போடுவது. கையில் பெயின்ட் இல்லை. தங்கை தன் சிவப்பு நெயில் பாலிஷ் குப்பியைச் சன்னல் வழியாக நீட்டினாள். யோக்கிலும் ஷாஃப்டிலும் சேர்த்து ஒரு கோடு போட்டேன். பளிச்சென்று இருந்தது. இந்த யோசனை எந்தப் பட்டறைக்காரனுக்கு வரும்?

மார்ச் 12, புதன்

உருவி எடுக்கும் புல்லரை வைத்துத் திருகித் திருகி மதியம்தான் பழைய பேரிங் வந்தது. உள்ளே மண்ணும் துருவும். அந்த அழுக்கின் மேல் புதுசை ஏற்றுவதா? எனக்கு மனசு வரவில்லை. யோக், ஷாஃப்ட் எல்லாவற்றையும் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, தின்னரில் இரண்டு தடவை கழுவினேன். கண்ணாடிக் குழாய் மாதிரி மின்னியது.

தங்கை சன்னலிலிருந்து, "அக்கா, அந்தக் கோடு..." என்று ஆரம்பித்தாள். "நீ சும்மா படு, எனக்குத் தெரியும்" என்றேன்.

விரல் முட்டி இரண்டிலும் தோல் உரிந்திருக்கிறது. நாளை கோக்க வேண்டும்.

மார்ச் 13, வியாழன்

முடிந்தது. கோடு அழிந்துபோயிருந்தது. பரவாயில்லை, கண்ணளவில் காதுக்கு நேர் காது வைத்து மாட்டிவிட்டேன். முப்பது வருடக் கண்.

மெதுவாகக் குவாரி வரை ஓட்டிப் பார்த்தேன். ஒரு சத்தமும் இல்லை. உள்ளே வந்து அவளிடம் கையைக் காட்டினேன். "பார்த்தியா, எல்லாம் உனக்காகத்தான். ஒருத்தன் காலையும் பிடிக்காம பண்ணி முடிச்சேன்."

அவள் என் கையைப் பிடித்து உரிந்த இடத்தில் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

மார்ச் 17, திங்கள்

முதல் நாள். பின் இருக்கையில் மெத்தையைப் போட்டு நீளவாக்கில் படுக்க வைத்தேன். உட்கார்ந்தால் அவளால் பத்து நிமிடம் தாங்க முடியாது. உள்ளே அறையில் ஐந்தே நிமிடம்தான் வேலை. அதற்கு நூற்றிருபது கிலோமீட்டர்.

வீட்டுக்கு வந்ததும், "வண்டி எப்படி இருந்துச்சு?" என்றேன்.

"நல்லா இருக்குக்கா."

மார்ச் 19, புதன்

மூன்று முடிந்தது. நெடுஞ்சாலையில் எழுபதில் போனால் லேசாக ஓர் அதிர்வு இருக்கிறது, கண்ணாடியில் பின்னால் வரும் லாரி நடுங்குகிறது. சாலை சரியில்லை. போன மழைக்குப் பிறகு எவன் போட்டான் ஒழுங்காக?

மார்ச் 21, வெள்ளி

ஐந்து. டயரில் காற்று குறைத்துப் பார்த்தேன், ஏற்றிப் பார்த்தேன். அந்த அதிர்வு அப்படியேதான் இருக்கிறது. டயரே கோணலோ?

தங்கை வெட்டுத்துணி அடைத்து ஒரு திண்டு தைத்திருக்கிறாள். கழுத்துக்காம். படுத்துக்கொண்டே கையால் தைத்தாள். "இருக்கற தெம்பை இதுல ஏன் விடுற?" என்று கத்தினேன். "சும்மா கெடக்க முடியலக்கா" என்றாள்.

மார்ச் 24, திங்கள்

ஆறு. இரண்டாவது திண்டு, முதலாவதைவிடத் தடிமன். சனி, ஞாயிறில் படுத்தபடியே தைத்திருக்கிறாள். நான் மளிகை வாங்கப் போன நேரம் பார்த்து.

மார்ச் 26, புதன்

எட்டு. இறங்கும்போது உதடு வெளுத்திருந்தது. நர்ஸ், "வலி குறைஞ்சிருக்கணுமே இதுக்குள்ள" என்றாள். திரும்பும்போது வண்டியை இன்னும் வேகமாக விட்டேன், சீக்கிரம் வீடு சேர்ந்தால் சீக்கிரம் படுக்கலாம் என்று.

"வண்டி?"

"நல்லா இருக்கு."

மார்ச் 27, வியாழன்

ஒன்பது. மூன்றாவது திண்டு.

மார்ச் 28, வெள்ளி

வர மாட்டேன் என்கிறாள்.

காலையில் வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டு உள்ளே போனால் புடவை மாற்றாமல் படுத்திருக்கிறாள். "போதும்க்கா. ஒன்பது போதும்."

கெஞ்சினேன். திட்டினேன். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் காதில் வைத்தேன், வாங்கிப் பேசவில்லை. இன்னும் ஆறுதானே? பதினைந்து முடித்தால் தைக்க உட்காரலாம் என்று ஆசைப்பட்டவள் இவள்தானே? "என்னை விட்டுட்டுப் போகணும்னு முடிவு பண்ணிட்டியா?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஐம்பது வயசுக் குழந்தை. நான் பதினைந்து வயசில் இடுப்பில் தூக்கித் திரிந்தவள். அவள் சாக முடிவு செய்துவிட்டாள், நான் வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன்.

மார்ச் 31, திங்கள்

வரவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

வரவில்லை. கேட்பதையும் நிறுத்திவிட்டேன். நான் பேசாமல் இருந்தால் எப்போதும் அவள்தான் முதலில் வந்து பேசுவாள். இந்த முறை அவளும் வரவில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் தட்டைக் கழுவும் சத்தம்தான்.

ஏப்ரல் 9, புதன்

இதை எழுதிவிட வேண்டும்.

அவளுக்கு வலி மாத்திரை வாங்க டவுனுக்குப் போனேன். திரும்பும்போது பொறுமை கைகாட்டினார், வழியில் இறக்கிவிடச் சொல்லி. முன் இருக்கை முழுக்க அரிசி மூட்டையும் சாமானும். பின்னால் ஏறி, மெத்தையின் ஓரமாக உட்கார்ந்தார். நெடுஞ்சாலையில் அறுபது தொட்டதும், "அக்கா, நிறுத்துங்க" என்றார்.

"என்னங்க?"

"பின்னாடி இந்த ஆட்டம் ஆடுதே. இதுலயா தங்கச்சியைப் படுக்க வச்சுக் கூட்டிட்டுப் போனீங்க?"

சாலை, டயர் என்று ஏதோ சொன்னேன். அவர் எதிர்த்துப் பேசவில்லை. "பொறுமையா கேளுங்க. நான் ஓட்டறேன். நீங்க அதுல படுத்துப் பாருங்க" என்றார்.

படுத்தேன். வண்டி வாங்கிப் பன்னிரண்டு வருடமாகிறது, பின்னால் நான் உட்கார்ந்ததே இல்லை. நான்தானே எப்போதும் ஓட்டுகிறேன்.

ஐம்பதில் ஆரம்பித்தது. அறுபதில் முதுகுத்தண்டு முழுக்க டகடகடக என்று உதறியது. பல் பல்லோடு மோதியது. திண்டு மூன்றும் என் பக்கத்திலேயே கிடந்தன. ஒன்றை இடுப்புக்கு அடியில் வைத்தேன், கொஞ்சம் குறைந்தது. இரண்டாவதையும் வைத்தேன். மூன்றாவதையும் வைத்தேன். கழுத்துக்கு என்று சொன்னாளே பாவி, கழுத்துக்கு என்றாளே...

எனக்கு முதுகில் ஒன்றும் இல்லை. பத்து நிமிடத்தில் நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். அவள் ஒன்பது நாள், போக வர, அரிக்கப்பட்ட எலும்போடு அதில் படுத்திருந்தாள். இறங்கியதும் "நல்லா இருக்கு" என்றாள். எட்டாம் நாள் நான் இன்னும் வேகமாக ஓட்டினேன்.

பொறுமை சாலை ஓரத்திலேயே அடியில் புகுந்து டார்ச் அடித்தார். "இந்த யோக்கோட காதும் அந்தக் கடைசிக் காதும் ஒரே நேர்ல நிக்கணும். ஒரு பல்லு தள்ளி உட்காந்திருக்கு. அடையாளம் போடலியா?"

போட்டேன். நானே கழுவினேன்.

ஏப்ரல் 10, வியாழன்

கேட்டேன். அவள் கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்து, "ஏன்டி சொல்லல?" என்று கேட்டேன்.

"உன் கை அப்படி உரிஞ்சிருந்துச்சு" என்றாள்.

"அதுக்காக?"

"நீ தின்னர் போட்டப்பவே கோடு போயிருச்சேன்னு சொல்ல வந்தேன். சும்மா படுன்ன. அப்புறம் சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்? உன்கிட்ட யாராவது குறை சொல்லி உருப்பட்டிருக்காங்களா? ஒரு வாரம் பேச மாட்ட. எனக்கு எத்தனை வாரம் இருக்குன்னு தெரியல. அதுல ஒண்ணை உன் கோவத்துக்குக் குடுக்க மனசு வரலக்கா. முடிஞ்ச வரைக்கும் தாங்கிப் பார்த்தேன். முடியல."

கோபித்துக்கொண்டுதான் சொன்னாள். ஐம்பது வருடத்தில் முதல் முறையாக. ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். சாலை கோணல், டயர் கோணல், எல்லாம் கோணல். குறை சொன்னால் கடித்துவிடுவாள் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்தது நான்தான். அதை ஒழுங்காகக் கற்றுக்கொண்டு வாயை மூடிப் படுத்திருந்தாள்.

அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். "சரி, போதும், கால் வலிக்குது" என்றாள்.

ஏப்ரல் 12, சனி

பொறுமையின் பட்டறை. என்னைத் தள்ளி நிற்கச் சொல்லவில்லை. "நீங்களே பண்ணுங்க, நான் பாத்துக்கிட்டு நிக்கறேன்" என்றார். கிளம்பும்போது தங்கை மறுபடி அந்தச் சிவப்புக் குப்பியைக் கொடுத்தனுப்பியிருந்தாள். "இந்தத் தடவை குளிப்பாட்டாத."

யோக்கை உருவி ஒரு பல் திருப்பி உட்கார வைத்தோம். ஷாஃப்டைத் தரையில் உருட்டி, இரண்டு காதும் நேர் என்று அவர் மட்டம் வைத்துக் காட்டினார். பிறகு கோடு போட்டேன். அதன் பக்கத்தில் அவர் சென்டர் பஞ்ச் உளியை வைத்து இரண்டு புள்ளி அடித்தார். "இது தின்னருக்கும் போகாது" என்றார். என்னைக் குத்திக் காட்டவில்லை. அப்படிப் பேசுகிற ஆளும் இல்லை.

பிறகு அவர் ஓட்ட, நான் பின்னால் படுத்தேன். ஐம்பது. அறுபது. எழுபது. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்திருந்தால்கூடச் சிந்தியிருக்காது.

ஏன் அன்றே அவரிடம் கொண்டுபோய் விடவில்லை? அரை நாள் வேலை.

ஏப்ரல் 15, செவ்வாய்

அவளே புடவை மாற்றிக்கொண்டு தயாராக இருந்தாள். ஒரு திண்டும் எடுத்துக்கொள்ளவில்லை. ஐம்பதிலேயே ஓட்டினேன். பாதி வழியில் தூங்கிவிட்டாள். மூன்று வாரமாக எனக்குள் இருந்த கல் அப்போது இறங்கியது. இன்னும் ஆறுதானே, முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா இந்த முறை படத்தை வெளிச்சத்தில் வைக்கவில்லை. ஈரலுக்கும் போய்விட்டதாம். இனி கரண்ட் வேண்டாம், வலி தெரியாமல் வைத்துக்கொள்வோம் என்றார்.

"நடுவுல விட்டதாலயா?" என்று கேட்டேன்.

"ஈரலுக்குப் போனது அதனால இல்லம்மா. ஆனா முழுசா முடிச்சிருந்தா முதுகுவலி கொஞ்சம் அடங்கியிருக்கும்." நல்ல டாக்டர், பொய் சொல்லவில்லை. அந்தக் கொஞ்சத்தைத்தான் நான் அவளிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

"சரி பண்ணின வண்டி சும்மா நிக்கலாமா? ஆஸ்பத்திரி இல்லாத ஊருக்கு ஒரு ரவுண்டு போலாம்" என்றாள்.

ஏரிக்கரைச் சாலையில் போனோம். ஒரு நிபந்தனை வைத்தேன், வண்டியிலோ என் ஓட்டத்திலோ என்ன குறை பட்டாலும் உடனே சொல்ல வேண்டும். "நெஜமாவா?" என்றாள். எடுத்த எடுப்பில் ஆரம்பித்துவிட்டாள் தாயே. கிளட்சைப் பட்டென்று விடுகிறேன். பள்ளத்துக்கு முன்னால் பிரேக் போடாமல் பள்ளத்துக்குள் போய்ப் போடுகிறேன். பின் சன்னல் கிறீச்சென்கிறது. மெத்தை உறை கேவலமான கலர். பின்னால் வருகிறவனுக்கு வழியே விடுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் வண்டியை நிறுத்தி, இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். பதினேழு ஆனது. பதினேழாவதைச் சொல்லும்போது சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

அப்புறம் தூங்கினாள். வீட்டுக்குத் திரும்பும் வளைவில் கண்ணைத் திறந்து, "வந்தாச்சா?" என்றாள்.

"இன்னும் இல்ல, தூங்கு" என்றேன். வளைவைத் தாண்டி, ஏரியை இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

மே 17, சனி

விடிந்த பிறகு, ஏழு மணிக்கு. வலி இல்லாமல். என் கை அவள் கையில்தான் இருந்தது.

மே 30, வெள்ளி

எழுத ஒன்றும் இல்லை. மெஷினில் பாதி தைத்த ஜாக்கெட் அப்படியே இருக்கிறது, ஊசி துணியில் இறங்கிய நிலையில்.

ஜூன் 24, செவ்வாய்

சன்னலுக்கு எண்ணெய் விட்டேன், கிறீச் போய்விட்டது. மெத்தைக்கு நீல உறை போட்டேன். அவள் பீரோவிலிருந்த துணிதான். கடைசிப் பக்கத்தில் அந்த இரண்டையும் கோடு போட்டு அடித்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதத்தின் முதல் செவ்வாய். வண்டி அதிகம் ஓடவில்லை, இருந்தாலும் படுத்தேன். கிராஸ்களுக்கு கிரீஸ். ரப்பரில் வெடிப்பு இல்லை. பேரிங்கில் ஆட்டம் இல்லை. சிவப்புக் கோட்டின் மேல் சேறு அப்பியிருந்தது. துடைக்கவில்லை.

அந்தப் பக்கமாக வந்த பொறுமை குனிந்து பார்த்துவிட்டு, "அக்கா, நடுத் தாங்கி போல்ட்டை வலது பக்கம் ஜாஸ்தி முறுக்கிட்டீங்க, ரப்பர் ஒருக்களிச்சு உட்காந்திருக்கு" என்றார். எனக்குச் சுரீரென்று ஏறியது. காது மடல் வரைக்கும் சூடு. வாயைத் திறந்துவிட்டேன்.

அப்புறம், "எங்க, காட்டுங்க" என்றேன். அவர் சொன்னது சரிதான். அரைச் சுற்றுத் தளர்த்தி, ரப்பரை நேராக்கி மறுபடி இறுக்கினேன்.

கடைசிப் பக்கத்தில் பதினாறு அடித்தாகிவிட்டது. பதினேழாவது அவள் இருமிக்கொண்டே சொன்னது: "உனக்குப் பொசுக்கு பொசுக்குன்னு கோவம் வருது, அதையும் எழுது." இன்று அதைப் பாதி வரைக்கும் அடித்து வைத்திருக்கிறேன்.